கீழ் லயத்து ஹோர்னும் ஒரு லாம்ப்டாவும்

சித்திரை மாதத்து ஞாயிறு மத்தியானம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அப்படிப்பட்ட வெயிலில் எங்கள் தோட்டத்தில் மண்சரிவு வந்துவிட்டது.

அதாவது... வரவில்லை. வந்துவிட்டதாக நான் ஊரைக் கூட்டிவிட்டேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். பிறந்ததும் இப்போது குடியிருப்பதும் அதே தோட்டத்தின் கீழ் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில்தான். புருஷன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார், வந்ததும் தூங்குவார். எனக்கும் அப்படித் தூங்க ஆசைதான். யார் விடுகிறார்கள்?

கீழ் லயத்துக்குப் பின்னால் நிமிர்ந்த மண்மேடு. அதற்கு மேலே ரப்பர் மலை. அரநாயக்கவில் மலை இறங்கி வந்ததற்குப் பிறகு, மழை வலுத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, வீட்டின் பின்சுவரை. அதிகாரிகள் வந்தார்கள். இது அபாயமான இடம் என்று சிவப்புப் பலகை நட்டார்கள். வேறு இடத்தில் வீடு வரும் என்றார்கள். பலகை துருப்பிடித்துவிட்டது, வீட்டைத்தான் இன்னும் காணோம்.

போகும்போது மழை அளக்க ஒரு குழாயும் வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லாரும் மேலே பாடசாலை மண்டபத்துக்கு ஏறிவிட வேண்டும். தோட்டத்துக் காவலுக்கு இருக்கிற வோச்சர் முனியாண்டி அண்ணன் குழாயைப் பார்த்துச் சொல்வார் என்பது ஏற்பாடு. முனியாண்டி அண்ணனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். கொட்டுகிற மழையில் மனிதர் குழாயைப் பார்ப்பாரா, குடும்பத்தைப் பார்ப்பாரா?

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். யாரோ பாடசாலைக்கு அன்பளிப்பாகக் கொடுத்த உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்று அலுமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் ஒரு மிதவை. மிதவை சிவப்புக் கோட்டுக்கு உயர்ந்தால் போர்டுக்குத் தெரியும். உடனே போர்டு, மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற ஒலிபெருக்கி ஹோர்னை அலறவிடும். இவ்வளவுதான் விஷயம். பைத்தனில் சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து குழாயில் ஊற்றிப் பார்த்தேன். அடித்தது. எல்லாருக்கும் சந்தோஷம், எங்கள் பாடசாலை அதிபர் கைகூடத் தட்டினார்.

அதோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். அதிபருக்கு ஒரு யோசனை வந்தது.

"மேல் லயத்துக்காரங்களுக்குப் பின்னால மண்ணு மேடே இல்லியே டீச்சர். அவங்க ஏன் சும்மா ஓடணும்? கீழ் லயத்துக்கு ஒரு சத்தம், மேல் லயத்துக்கு ஒரு சத்தம்னு வைங்களேன்."

நியாயமான பேச்சு. வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, சனமெல்லாம் சோறு தின்றுவிட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கால் நீட்டியிருந்த நேரம், திருத்திய ப்ரோக்ராமைப் போர்டில் ஏற்றி ஸ்விட்சைப் போட்டேன்.

குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஹோர்ன் அலறியது.

மக்கள் ஓடி வந்ததை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். பிள்ளையைத் தூக்கியவர்கள், ஆட்டுக்குட்டியை இழுத்தவர்கள், சவர்க்கார நுரையோடு பாதிக் குளியலில் வந்தவர்கள்... கடைசியாக ஜெயமேரி அக்கா வந்தார். தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண். லயத்தின் கோடி வீடு, மண்மேட்டுக்கு ஆகக் கிட்டத்தில் இருப்பது அவருடையதுதான். மாமியாருக்கு நடக்க முடியாது. பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து அக்கா ஒரு பக்கமும் அவருடைய வீட்டுக்காரர் ஒரு பக்கமுமாகத் தூக்கிக்கொண்டு, அத்தனை படியும் ஏறி வந்தார்கள். வழியில் கதிரை சாய்ந்து, அந்த அம்மாவின் இடுப்பு கல்லில் இடித்துவிட்டது.

மண்டபத்து வாசலில் எல்லாரும் நின்று வானத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கீழே ரோட்டில் த்ரீவீல் ஓட்டுகிற சுனில்கூட சத்தம் கேட்டு மேலே வந்துவிட்டான். "மொக்கத டீச்சர், நாய யனவத?" என்று கேட்டான். என்ன டீச்சர், மண் சரிகிறதா என்கிறான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே பயந்து போய்த்தான் கேட்டான். அது இன்னும் கேவலமாக இருந்தது.

கதிரையில் இருந்த மாமியார் மட்டும் வாய் திறந்தார்.

"இந்த வெயில்லயாடி மண்ணு சரியும்?"

யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வரைக்கும் அந்த ப்ரோக்ராமை வரிவரியாகப் பார்த்தேன். பிழை ஒரே ஒரு வரியில் இருந்தது. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்கள் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது சமையல்கட்டு விஷயம் மாதிரித்தான்.

ஒரு வேலையின் செய்முறையை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். அதுதான் ஃபங்ஷன். என்னுடைய ஃபங்ஷனுக்கு 'கூப்பிடு' என்று பெயர். முதலில் எழுதியபோது, 'மிதவை உயர்ந்தால்: கூப்பிடு' என்று வெறும் பெயரை மட்டும் கொடுத்திருந்தேன். போர்டு அந்தப் பெயரை மடியில் கட்டிக்கொண்டு, மிதவை உயரும் வரை காத்திருந்தது. அதிபரின் யோசனைக்குப் பிறகு எந்த லயத்தை என்றும் சொல்ல வேண்டி வந்ததல்லவா? 'கூப்பிடு' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் 'கீழ் லயம்' என்று எழுதினேன். வந்தது வினை. அடைப்புக்குறியைக் கண்டால் கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கத் தெரியாது. "ஓ, இப்போதே கூப்பிடச் சொல்கிறார்கள்" என்று அந்த நிமிஷமே வேலையை முடித்துவிடும்.

பஸ் ஏறும்போது, லீவில் வந்திருக்கிற வீட்டுக்காரருக்குப் போன் பண்ணுகிறேன் என்று வையுங்கள். "நான் வந்ததும் தேத்தண்ணி ஊத்துங்க" என்கிறேன். அவர் பின்பாதியை மட்டும் காதில் வாங்கி அப்போதே ஊற்றி வைத்துவிட்டால்? நான் நனைந்துகொண்டு வீடு வரும்போது அது பச்சைத்தண்ணீர். சூடாக இன்னொன்று ஊற்றுவாரா? மாட்டார். அவர் வேலைதான் முடிந்துவிட்டதே!

இதுதான் என்னைக் கலங்கடித்தது. வெயிலில் அடித்தது பெரிய பிழை அல்ல. வெயிலில் அடித்து முடித்துவிட்டதால், போர்டின் மடியில் பிறகு ஒன்றுமே இல்லை. நிஜமாக மழை கொட்டி, தண்ணீர் கோட்டைத் தொட்டிருந்தாலும் ஹோர்ன் வாயே திறந்திருக்காது. அன்றைக்கு ஹோர்ன் வயரை மாட்டாமல் ஸ்விட்சைப் போட்டிருந்தால் சத்தமே கேட்டிருக்காது, எல்லாம் சரி என்று நம்பி நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதற்குத்தான் லாம்ப்டா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்தில் அந்தப் பாடத்தை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். 'பெயரற்ற ஃபங்ஷன்' என்று தலைப்பு. பெயர் வைத்தவையே சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, பெயரில்லாதது எதற்கு என்று புரட்டிவிடுவேன். இப்போது வேறு வழியில்லை, உட்கார்ந்து படித்தேன். படித்தால், அப்பாவியான சங்கதி. அந்த வரிக்கு முன்னால் 'லாம்ப்டா' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் வேலை உடனே நடக்காது. செய்ய வேண்டியதை அப்படியே ஒரு பொட்டலமாகக் கட்டி, "இந்தா, வைத்துக்கொள், நேரம் வரும்போது பிரி" என்று கொடுத்ததாக ஆகிவிடும். அந்தப் பொட்டலத்துக்குப் பெயர் வேண்டியதில்லை. அந்த ஒரு இடத்தில், அந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் அது. வேறு யாரும் அதைத் தேடி வரப் போவதில்லை. அப்புறம் பெயர் வைத்து என்ன செய்ய?

ஒரு சொல்லைச் சேர்த்தேன். வாளித் தண்ணீர் ஊற்றி, இந்தத் தடவை ஹோர்னுக்குப் பதில் சின்ன பல்பை மாட்டிப் பார்த்தேன். ஊற்றும் வரை சும்மா இருந்தது, ஊற்றியதும் எரிந்தது. கம்ப்யூட்டர் திருந்திவிட்டது.

மனிதர்களை எந்தச் சொல்லைச் சேர்த்துத் திருத்துவது?

வீடு வீடாகப் போனேன். பாடசாலை விட்டு, கால் வலியோடு, ஒவ்வொரு வாசலிலும் நின்று அதே மன்னிப்பு, அதே விளக்கம். "கமக் நே டீச்சர்" என்றார்கள் சிலர். பரவாயில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் முகத்தில் பரவாயில்லை இல்லை. "ஜெயமேரி என்னா சொல்லுது?" என்று கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். கோடி வீட்டுக்காரி, படுத்த மாமியாரை வைத்திருப்பவள். அவளே கிளம்பவில்லை என்றால் மற்றவர்கள் ஏன் அசைய வேண்டும்?

நான் போனபோது ஜெயமேரி அக்கா மாமியாரின் இடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"திருத்திட்டேன்க்கா. அடுத்த தடவ அடிச்சா நெசமாத்தான் அடிக்கும். வராம இருந்துறாதீங்க."

"போன தடவையும் எல்லாம் சரி பாத்துட்டேன்னுதான சொன்னீங்க?"

"ஆமாக்கா..."

"நான் வரமாட்டேன் டீச்சர். கோவிச்சுக்காதீங்க. இவங்கள இன்னொரு தடவ அந்தப் படியில தூக்குனா மண்ணு வேணாம், அதுலயே போயிருவாங்க."

"மழை வந்தா என்னாக்கா செய்வீங்க?"

"வந்தா பாப்போம்." எண்ணெய்ப் போத்தலை மூடினார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி உட்கார்ந்தார். "சரி, நான் கேக்குறேன். அந்தக் கொழாய்ல யாரு கூப்புடுறாங்க?"

"யாரும் இல்லக்கா. அதுவா அடிக்கும்."

"அதான் சொல்றேன். கல்யாணமோ சாவோ, ஒரு ஆளு வாசல்ல வந்து நின்னு, பேர் சொல்லிக் கூப்புட்டாத்தான நாங்க போவோம்? இவரு சித்தப்பா எம்பிலிப்பிட்டியவுல செத்ததுக்கு வாட்ஸ்அப்புல போட்டோதான் போட்டாங்க. ஆள் வந்து சொல்லலன்னு இந்த மனுசன் போகவே இல்ல. சொந்தச் சித்தப்பா! அப்படிப்பட்டவரு, ஒரு கொழாய் ஊளையிட்டா எந்திரிப்பாருன்னு நெனைக்கிறீங்களா? அன்னைக்கு ஏதோ பயத்துல ஓடியாந்தோம்."

எழுந்து வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குச் சமைக்கவில்லை. பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாமே என்றுதான் தோன்றியது. நான் எழுதாவிட்டால் யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? முனியாண்டி அண்ணன் இருக்கிறார், குழாய் இருக்கிறது, கடவுள் இருக்கிறார்.

ஆனால் ஜெயமேரி அக்கா சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஆட்கள் அப்படித்தான். பத்திரிகை அச்சடித்துக் கையில் கொடுத்தாலும், "வந்துருங்க" என்று வாயால் சொல்லாவிட்டால் அது அழைப்பே இல்லை. இதைக் குறையாக நினைத்துச் சலித்துக்கொண்டவள் நான். அதை ஏன் ப்ரோக்ராமில் எழுதக் கூடாது?

அடுத்த நாள் பாடசாலை ஸ்டோர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனில் என் குரலைப் பதிவு செய்தேன். "ஜெயமேரி அக்கா வீடு, தண்ணி கோட்டத் தொட்டிருச்சு, அம்மாவத் தூக்கிக்கிட்டு மேல வாங்க. முனியாண்டி அண்ணன் வீடு, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேல வாங்க..." கீழ் லயத்தில் ஒரு வீட்டையும் விடாமல், வீட்டுக்கு வீடு தனியாக. நடுவில் காகம் கத்தியது, மணி அடித்தது, எனக்கு இருமல் வந்தது. திரும்பத் திரும்பப் பேசியதில் தொண்டை கட்டிவிட்டது.

ஹோர்ன் ஒரு தடவை ஊளையிடும், பிறகு இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். பெயரே இல்லாத அந்த லாம்ப்டாப் பொட்டலத்துக்குள் லயத்தின் பெயர்களையெல்லாம் வைத்துக் கட்டிவிட்டேன்.

முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒருநாள் போட்டுக் காட்டினேன். எல்லாரும் இஸ்தோப்பில் நின்று கேட்டார்கள். தன் வீட்டுப் பெயர் வரும்போது ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு வெட்கச் சிரிப்பு. நடுவீட்டுக்காரர் மட்டும், "எங்க பேர ஏன் அவங்க பேருக்குப் பொறகு வச்சீங்க?" என்று சண்டைக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகையில் வருகிற அதே சண்டை! எனக்கு அதில்தான் நம்பிக்கை பிறந்தது. வரிசைக்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்றால், அழைப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஜெயமேரி அக்கா கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வருவாரா, மாட்டாரா? கேட்கவும் எனக்குத் தெம்பில்லை.

வைகாசி பிறந்தது. போன வாரம் மழை பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து விடவில்லை. பாடசாலையை வேளைக்கே விட்டுவிட்டார்கள். நனைந்து வீடு வந்து, தலையைத் துவட்டி, தவணைப் பரீட்சை விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். கண் சொருகியது. அப்போது ஹோர்ன் ஊளையிட்டது. தொடர்ந்து என் குரல், தொண்டை கட்டிய குரல். ஜெயமேரி அக்கா வீடு... முனியாண்டி அண்ணன் வீடு...

நான் என்ன செய்தேன் தெரியுமா? லேப்டொப்பைத் திறந்தேன்.

நம்புங்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டிருக்காது, மறுபடியும் எங்கோ பிழை விட்டிருக்கிறேன் என்றுதான் என் மனது சொன்னது. குழாயில் இலை சிக்கி மிதவை மேலே நின்றுவிட்டதோ? அடைப்புக்குறி ஏதும் தப்பிவிட்டதோ? அந்த அம்மாவின் இடுப்பு, சுனிலின் முகம், வாசலில் நின்று எல்லாரும் என்னைப் பார்த்த பார்வை... இன்னொரு தடவை அதைத் தாங்க முடியாது. சனம் ஏறுவதற்குள் பிழையைக் கண்டுபிடித்து நிறுத்திவிட வேண்டும். வெளியே ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்கிறது, நான் மேசையில் குனிந்து வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எழுதியவளுக்கு மட்டும் வரவில்லை.

கதவு உடைகிற மாதிரித் தட்டல்.

"ஏய் ஸ்டெல்லா! வெளிய வா புள்ள!"

இந்த லயத்தில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பல காலம். நான் டீச்சர். எல்லாருக்கும் டீச்சர். கதவைத் திறந்தால் ஜெயமேரி அக்கா, தலைக்கு ஒரு கொழுந்துச் சாக்கு. பின்னால் கதிரையில் மாமியார், அதைப் பிடித்தபடி அக்காவின் வீட்டுக்காரரும் முனியாண்டி அண்ணனும்.

"ஒரு நிமிஷம்க்கா. பொய்யா அடிக்குதோ என்னமோ, பாத்துட்டு..."

"பொய்யோ நெசமோ, நாங்க கெளம்பிட்டோம்ல! அப்பறம் ஒனக்கு என்னா?"

கையைப் பிடித்து இழுத்தார். செருப்புக்கூடப் போடவில்லை. படியில் தண்ணீர் அருவியாக இறங்கியது. கதிரையின் ஒரு காலை நானும் பிடித்துக்கொண்டேன். மாமியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

மண்டபத்தில் ஈரத்துணியோடு எல்லாரும் நெருக்கியடித்து நின்றபோது, கீழே ஒரு சத்தம். இடி மாதிரி இல்லை. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டுவது மாதிரி, நின்று நிதானமாக. பிறகு நாய்கள்.

மழை கொஞ்சம் ஓய்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே ஆண்கள் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். கோடிப்பக்கத்து வீடுகளின் சமைக்கிற குசினிகள் மண்ணுக்குள். ஜெயமேரி அக்காவுடையது முழுதாகவே இல்லை. என் வீட்டின் பின்சுவர் உள்ளே விழுந்து, மேசை, லேப்டொப், பிள்ளைகளின் விடைத்தாள் எல்லாம் ஒன்றாகக் கிடந்ததாம். ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

நான் பிள்ளைகள் உட்காருகிற வாங்கு ஒன்றில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படாமல், சத்தமாக. ஜெயமேரி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாக்கை உதறி மடித்து வைத்தார்.

"எல்லார் பேரும் சொன்னீங்களே டீச்சர். ஒங்க பேரு எங்க?"

நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு வீடு விடாமல் கூப்பிட்டவள், என் வீட்டைச் சொல்லவில்லை. கூப்பிடுகிற ஆள் தன்னையே கூப்பிட்டுக்கொள்வாளா? தோன்றவே இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு திரிகிற யாருக்கும் தோன்றாது என்றுதான் நினைக்கிறேன்.

"நான் ஒங்க வாசலத் தாண்டிப் போயிட்டேன்" என்றார் அக்கா. "ஒங்க பேர் வரும் வரும்னு காத குடுத்துக்கிட்டே போனேன். வரல. அதான் திரும்பி வந்தேன்."

இதை ஒரு வகுப்பறையில், பிள்ளைகளின் மேசையில் உட்கார்ந்து போனில் எழுதுகிறேன். பக்கத்தில் சட்டி பானை, கயிற்றில் காய்கிற துணி. கீழே கிராமத்துச் சிங்களச் சனம் சோற்றுப் பார்சலோடு வந்து போகிறார்கள். சுனில்தான் த்ரீவீலில் ஏற்றி வருகிறான். வீடு வரும் என்று அதிகாரிகள் மறுபடியும் சொல்லியிருக்கிறார்கள், கேட்டுக்கொண்டோம். உடம்பெல்லாம் வலி. இந்த வாரம் ஜோக் அடிக்க முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமான் எடுக்கவும் கோழிக்குத் தீனி போடவும் பகலில் ஆட்கள் கீழே போகத்தான் செய்கிறார்கள். ஆகவே ஹோர்ன் இன்னும் வேண்டும். நேற்று பாடசாலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ப்ரோக்ராமை மறுபடி ஏற்றினேன். லாம்ப்டா இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, இன்னும் பெயரில்லாமல்தான். பதிவின் கடைசியில் மட்டும் ஒரு வீடு கூடியிருக்கிறது. அது என் குரல் இல்லை. ஜெயமேரி அக்கா போனை வாங்கி, தானே பேசிக் கொடுத்தார்:

"ஸ்டெல்லா வீடு... கம்ப்யூட்டர மூடிட்டு மேல வா!"